மூன்றாம் ஓலைக்கு முன்

ஆனைக்கரை,
3 ஜூலை 2025

மாதா துணை

என் அன்பு மகள் நிமிக்கு அம்மா செபமாலை எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே ஜெனோவாவில் நீயும், உன்னோடு அறையில் இருக்கும் யோகப்பிரியாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் கோபம் ஆறியபிறகு எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் நோட்டுத் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

போன ஞாயிறு சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் சூசைமாணிக்கம் மாமாவும் நானும் கலியாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். இதைக் கேட்டதும்தான் நீ போனை வைத்தாய். திரும்ப ஒன்பது தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

உன் அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த ஆடிக்காற்றில் மரக்கிளை முறிந்து அவர் மேல் விழுந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. உன்னை நர்சிங் படிக்க வைத்து, பிளேன் ஏற்றி அனுப்பும்வரை எனக்கு வேறு நினைப்பு இல்லை. நீ போன பிறகுதான் வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. போன வருடம் காய்ச்சலில் நாலு நாள் கிடந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஏலக்காய் எடுக்க நான் வரவில்லையே என்று தேடி வந்தவர் சூசை மாமா ஒருத்தர்தான். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வாசற்படிக்கு வெளியேயே நின்றார். ஊர் பேசும் என்று அவருக்குப் பயம்.

சம்சாரம் இறந்தபிறகு எட்டு வருடமாக அவரும் தனியாகத்தான் பொங்கித் தின்கிறார். இந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த நாள் வந்து, "செபமால, ரெண்டு வீட்டுலயும் தனித்தனியா அடுப்பு எரியணுமா? ஒண்ணு போதாதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்துபோய்விட்டார். நான் இரண்டு மாதம் பதில் சொல்லவில்லை. உன் அப்பாவின் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் யோசித்தேன்.

கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஃபாதர் கேட்பார். ஊரில் யார் தடை சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. உனக்கு உண்டா என்று மட்டும் எழுது. உன் பதில் வந்தபிறகு ஃபாதரிடம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு வருடம் கழித்து லீவு கிடைத்தும் நீ ஊருக்கு வராமல், கூட வேலை பார்க்கும் பெண்ணின் ஊரைப் பார்க்கப் போகிறாயாம், யோகப்பிரியா சொன்னாள். தென் அமெரிக்காவாம். உலகப் படத்தில் தேடிப் பார்த்தேன். நமக்கு நேர் பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்குமேல் தூரம் போக பூமியில் இடமில்லை. குறையாகச் சொல்லவில்லை மகளே, சுற்றிப் பார்த்துவிட்டு வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

உன் அம்மா,
செபமாலையம்மாள்

---

ஜெனோவா,
8 ஜூலை 2025

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

நீயே எல்லாம் முடிவு செய்துவிட்டு என்னைக் கேட்பது எதற்கு? அந்த வீட்டில் அப்பா படுத்த கட்டில் இருக்கிறது. அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. உன் விருப்பம்போல் செய்.

பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறோம். போகிற இடத்தில் நெட் கிடைக்குமோ என்னவோ. கூப்பிட வேண்டாம்.

நிமி

---

கீட்டோ, ஈக்வடார்,
16 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே இப்போது காலை ஏழு மணி. உனக்கு மாலை ஐந்தரை. வேலை முடிந்து ஏறி வந்து கால் கழுவிக்கொண்டிருப்பாய். போன கடிதத்தை நான் எழுதிய விதத்துக்கு முதலில் மன்னித்துக்கொள். மற்றதைப் பிறகு சொல்கிறேன். நேற்று நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் விளங்கும்.

எங்களோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ரொசாரியோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவள் பெயருக்கு அர்த்தம் செபமாலைதான். உன் பெயரும் அதுதான் என்று சொன்னதிலிருந்து உன்னைக் கேட்காத நாளில்லை. ஒன்பது வருடம் கழித்து அவள் தன் ஊருக்கு வருகிறாள். நானும் யோகப்பிரியாவும் துணைக்கு வந்தோம்.

விமான நிலையத்தில் அவள் அம்மா மெர்சேதெஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னால் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர் நின்றார். ரொசாரியோ அவரிடம் கையை மட்டும் நீட்டினாள், ஏதோ ஆபீசரைப் பார்த்த மாதிரி. வண்டியில்தான் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள்: அவர் பெயர் எர்னெஸ்தோ, ஆறு வருடத்துக்கு முன் அம்மா கட்டிக்கொண்டவர். அவளுடைய அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். இத்தனை வருடம் அருகில் வேலை பார்த்தும் எங்களிடம் அவள் இதைச் சொன்னதில்லை. நான் யோகப்பிரியாவைப் பார்க்கவில்லை. நீ போன் செய்தபோது அவளும் என் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டிருந்தாள்.

முதல் இரண்டு நாளும் தூங்கியே போயிற்று. நேற்றுதான் ஊர் சுற்றிய முதல் நாள். மெர்சேதெஸுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது. அதனால் எங்களை அழைத்துப் போனவர் எர்னெஸ்தோதான். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். தேய்த்த கோட், பளபளவென்று ஷூ, சட்டைப் பையில் ஒரு தாள். எந்த இடத்துக்குப் பிறகு எந்த இடம் என்று மணியோடு எழுதி வைத்திருந்தார்.

பழைய நகரம் முழுக்க மேடும் பள்ளமும்தான் அம்மா. கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறும். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரும் மரப் பால்கனியும். திரும்பினால் தெருவின் கடைசியில் மலை வந்து நிற்கும். நம் ஊரைவிட மூன்று மடங்கு உயரம். மலையில் பிறந்தவளுக்கு மலை புதிதா என்று நான் யோகப்பிரியாவிடம் பெருமையடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். இரண்டாம் தெருவிலேயே மூச்சு இரைத்து ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஏனுங்கக்கா, எங்க கொல்லங்கோட்டு வயல்ல பொறந்தவ நானு குத்துக்கல்லாட்ட நிக்கறனுங்க, நீங்க இப்பிடிச் சாஞ்சுட்டீங்க?" என்று சிரித்தாள். எர்னெஸ்தோ பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து ஏதோ இலை போட்ட சுடுநீரை ஊற்றிக் கொடுத்தார். நான் எழுந்திருக்கும்வரை கையை நீட்டி வெயில் படாமல் தன் தொப்பியை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். ரொசாரியோ எதிர்ப்பக்கம் திரும்பிப் பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சதுக்கத்தைப் பார்த்தோம். ஜனாதிபதி மாளிகைக்கு எதிரிலேயே வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஒரு கோயில். சுவர், தூண், கூரை எல்லாம் தங்கப் பூச்சு. யோகப்பிரியா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இத்தன பொன்னுக்கு நடுவுல இருந்தும் சாமி மொகத்துல சிரிப்பக் காணமுங்களே அக்கா" என்றாள். உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏற்றும்போதும் கோபமாகத்தான் இருந்தேன்.

மத்தியானம் சந்தைக்குள் ஒரு சூப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா எத்தனை பேர் என்று கேட்டார். ரொசாரியோ மூன்று விரலைக் காட்டினாள்.

எர்னெஸ்தோ எங்கள் பின்னால்தான் நின்றார். பார்த்தார். தனக்குப் பசியில்லை என்பதுபோல் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வெளியே போனார். உருளைக்கிழங்கு சூப் வந்தது. மேலே நம் ஊர் பட்டர் ஃப்ரூட்தான், துண்டு போட்டு. வாசல் வழியாகப் பார்த்தால் எதிர்ப்படியில் அவர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று பொட்டலம் பக்கத்தில் இருந்தது. மெர்சேதெஸ் எங்கள் நான்கு பேருக்கும் கட்டிக் கொடுத்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்து, உள்ளே போ என்று கை காட்டினார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்கு நீட்டினார். ஏதோ சொன்னார், அதில் 'மகளே' என்கிற மாதிரி ஒரு சொல் இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ரொசாரியோ வெளியே வந்து இத்தாலியனில், "எங்கள் வீட்டு விஷயம் உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. எனக்குப் பதிலாக யோகப்பிரியா சொன்னாள்: "இவளுக்குத் தெரியும். இவள் அம்மாவும் மறுமணத்துக்குச் சம்மதம் கேட்டிருக்கிறார். இவள் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை." ரொசாரியோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

சாயந்தரம் பஸ்ஸில் ஒரு குன்றின்மேல் ஏறினோம். அங்கே ஊரைப் பார்த்தபடி ஒரு பெரிய மாதா நிற்கிறார், அம்மா. முதுகில் சிறகு. காலடியில் பாம்பு, அதன் கழுத்தில் சங்கிலி, சங்கிலி மாதாவின் கையில். ஆடப்போகிறவர் மாதிரி ஒரு காலைத் தூக்கியிருக்கிறார். நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். காற்று தள்ளியது. ரொசாரியோ சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். எர்னெஸ்தோ எங்களுக்கும் அவளுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சேராமல் நின்றார். அவர் தாளில் எழுதியிருந்த கடைசி இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மெர்சேதெஸ் கேட்டதும் எர்னெஸ்தோ சொன்னதும் எனக்குப் புரிந்தது. அவர்கள் பேச்சு இத்தாலியன் மாதிரிதான். "எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். எர்னெஸ்தோ கோட்டைக் கழற்றிக்கொண்டே, "சேர்ந்துதான். ரொசாரியோதான் கடை காட்டினாள். சூப் அருமை," என்றார். மெர்சேதெஸின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சமையலறையில் ரொசாரியோ குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். அவரிடம் இன்னும் பேசவில்லை. பேசுவாளோ மாட்டாளோ, அது அவள் பாடு.

என் பாட்டைச் சொல்கிறேன். லீவு கிடைத்தும் ஊருக்கு வராததற்குக் காரணம், நம் வீட்டில் சூசை மாமாவைப் பார்க்க வேண்டி வருமே என்ற பயம்தான். அதற்காகப் பூமியின் பின்பக்கம் வரை வந்தேன். இங்கேயும் ஒருவர் கோட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தார். என் அம்மாவுக்குக் காய்ச்சலில் கஞ்சி கொடுத்தவர் வாசற்படிக்கு வெளியே நின்றார் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அம்மா. நேற்று அந்தப் படியில்தான் தோன்றியது.

எனக்குத் தடை இல்லை. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் தடை இல்லை. ஃபாதரிடம் சொல்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்று நான் போனை வைத்தபிறகு சூசை மாமாவிடம் என்ன சொன்னாய்?

உன் மகள்,
நிமி

---

ஆனைக்கரை,
20 ஜூலை 2025, ஞாயிறு

மாதா துணை

என் கண்ணே நிமி,

உன் கடிதத்தை ஏலக்காட்டு ஓரத்தில் நின்று படித்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள், "செபமாலக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்துவிட்டார்கள். ஒன்றுமில்லை, என் மகள் சிறகு வைத்த மாதாவைப் பார்த்தாளாம் என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அன்று அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் போனைப் பார்த்தபடி, "சிக்னல் போயிருச்சு" என்றேன். அவர், "மழைக்காலம்லா, டவர் அப்படித்தான் செய்யும்" என்றார். அன்றைக்குப் பொட்டு மழை கிடையாது. நல்ல வெயில். இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று மழையைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது, "நிமி பிள்ளைக்கு மனசில்லைன்னா நான் ஒதுங்கிக்கிடுதேன், நீ அவள நெருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முழங்காலில் நின்று சொல்லுகிற மாதிரி நினைத்துக்கொள்.

உன் இரண்டாம் கடிதம் வருவதற்கு முன்பே முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. பதிமூன்றாம் தேதி ஞாயிறு. நீ பிளேனில் இருந்தாய். முந்தின நாள் ஃபாதர் என்னிடம், "மகள் என்ன சொன்னா?" என்று கேட்டார். "அம்மா விருப்பம்போலச் செய்யச் சொல்லி எழுதியிருக்கா ஃபாதர்" என்றேன். நீ கோபத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சம்மதம் மாதிரி சொல்லிவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருப்பேன் என்று எழுதியவள் நான்தான். ஆனால் அந்த நாலு வரியைப் படித்த அன்று எனக்கும் ஒரு வீம்பு வந்தது. ஐம்பத்துமூன்று வயதுவரை கங்காணிக்கு, முதலாளிக்கு, ஊருக்கு, உனக்கு என்று எல்லாருக்கும் தலையாட்டியாகிவிட்டது. ஒரு தடவை எனக்கு நானே தலையாட்டினால் என்ன?

அப்பா கட்டிலைப் பற்றி எழுதவில்லை என்று கேட்டாய். அது உன் அறையில் இருக்கிறது. உனக்குத்தான் அது. நீ வந்து படுப்பாய் என்று வைத்திருக்கிறேன்.

ஓலையில் என் பேரும் அவர் பேரும் வந்தபோது கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருத்தி, "இந்த வயசுல இவளுக்கு என்னத்துக்கு?" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் பீடத்தையே பார்த்தேன். சூசை மாமா வரவில்லை. ஸ்டோரில் நெருப்பு எரிகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று சாக்கு. பயந்துவிட்டார், பாவம். இன்றைக்கு இரண்டாம் ஓலை. இன்று வந்தார். வந்து, உள்ளே நுழையாமல் கொடிமரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே தனியாகத்தான் நின்றேன்.

பரவாயில்லை. உன் கடிதத்தை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. ஆகஸ்ட் நாலாம் தேதி காலைப் பூசையில் கலியாணம். பந்தியெல்லாம் இல்லை. உனக்கு லீவு முடிந்துவிடும் என்று தெரியும், அதற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. என் மேல் கோபம் வந்தால் இந்தத் தடவை முழுசாக எழுது. நாலு வரியில் முடித்துவிடாதே.

ரொசாரியோவை நான் கேட்டதாகச் சொல். அவள் அம்மாவின் முழங்காலுக்கு எருக்கிலை ஒத்தடம் கொடுக்கச் சொல். அந்த ஊரில் எருக்கு உண்டோ?

உன் அம்மா,
செபமாலை

---

கீட்டோ,
21 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சூசை மாமாவுக்கு,

நிமி எழுதுகிறேன். அம்மாவின் போனுக்குத்தான் அனுப்புகிறேன். அவள் முதலில் படித்துவிடுவாள், தெரியும். படிக்கட்டும். அவளுக்கு ஒரே வரி: அம்மா, நீ தலையாட்டியது சரிதான், ஆனால் ஃபாதரிடம் பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு.

மற்றதெல்லாம் உங்களுக்கு.

சின்ன வயதிலிருந்தே உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். வேறு மாதிரி எனக்கு வராது. நீங்கள் குறையாக நினைக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். அது நீங்கள் நினைக்கிற கோபம் இல்லை. முதல் ஓலைக்கு ஸ்டோரில் இருந்தீர்களாம், இரண்டாம் ஓலைக்குக் கொடிமரத்தடியில் குடையோடு நின்றீர்களாம். உள்ளே என் அம்மாவைத் தனியாக நிறுத்தலாமா மாமா? ஒருத்தி பின்னாலிருந்து பேசியதை அவள் ஒருத்தியாக வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் திரும்பிக் கேட்டிருப்பேன். நான் இல்லை. அதனால் நீங்கள்தான் நிற்க வேண்டும். உலர்த்தும் நெருப்பை ஒரு மணி நேரம் வேறு யாராவது பார்ப்பார்கள்.

அம்மா பிரஷர் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, போட்டுவிட்டேன் என்பாள். தண்ணீரோடு எதிரில் நின்று போட வையுங்கள். காய்ச்சல் என்றால் என்னிடம் மறைப்பாள். நீங்கள் மறைக்காதீர்கள். கோபம் வந்தால் பேசமாட்டாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அப்போது பக்கத்தில் போய் ஒன்றும் சொல்லாமல் துடைத்து வையுங்கள், போதும்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டு இன்று காலை மெயில் அனுப்பிவிட்டேன். கொடுப்பார்கள் போலிருக்கிறது. கலியாணத்துக்கு வர முடியாததில் வருத்தம் உண்டு. அன்று யாராவது வீடியோ காலில் காட்டினால் மூன்று பேராக உட்கார்ந்து பார்ப்போம். யோகப்பிரியா இப்போதே, "நானும் மாப்பிள்ளை ஊட்டு ஆளுங்கோ" என்று சொல்லித் திரிகிறாள். ரொசாரியோவும் உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று நேற்றுக் கேட்டாள்.

வருகிற ஞாயிறு, முன்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில். யாருக்காவது தடை உண்டா என்று ஃபாதர் கேட்கும்போது அவள் கண்டிப்பாகக் குனிந்துகொள்வாள். நீங்கள் குனியக் கூடாது.

அன்புடன்,
உங்கள் செபமாலையின் மகள்,
நிமி